குடும்பச் செய்தி என்று ஒதுக்காதீர்கள்

1944 ஆகஸ்ட் 20 அன்று பம்பாயில் இந்திராவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. குழந்தையின் தாத்தா அப்போது அகமதுநகர் கோட்டைக்குள் கைதி. உள்ளே போய் இரண்டு ஆண்டு கடந்திருந்தது. செய்தி எட்டியதும் ஜவாஹர்லால் நேரு தன் தங்கை கிருஷ்ணா ஹத்தீசிங்குக்குக் கடிதம் எழுதினார். கைதேர்ந்த ஒருவரைக் கொண்டு குழந்தைக்கு முறையாக ஜாதகம் கணித்து வைக்க வேண்டும், பிறந்த நாளுக்கும் நேரத்துக்கும் நிலையான பதிவு இருப்பது நல்லது என்று அதில் சொல்கிறார். நேரத்தைப் பற்றியும் ஒரு குறிப்பு உண்டு. எழுத வேண்டியது சூரிய நேரம். வெளியே இப்போது கடிகாரங்கள் காட்டும் செயற்கை நேரத்தை எழுதிவிடக் கூடாது.

அந்தக் குறிப்பின் பின்னால் உலகப்போர் இருக்கிறது. 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் வரை இந்தியாவின் கடிகாரங்களை ஆங்கிலேய அரசு ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தது. அந்த மூன்று ஆண்டுகளில் பிறந்தவர்களின் ஜாதகத்தைக் கையில் எடுக்கும் ஜோசியர் இன்றும் முதலில் கேட்பது, எழுதியிருப்பது பழைய மணியா யுத்த மணியா என்றுதான். என் அம்மா பிறந்ததும் அதே தாரண வருஷம், அதே ஆவணி மாதம். பிரசவம் ஆன செய்தியைத் தாத்தாவுக்குத் தெரிவித்த அஞ்சலட்டை என்னிடம் இருக்கிறது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கறை. 'தாயும் சேயும் க்ஷேமம்' என்ற வரிக்குக் கீழே யுத்த மணி ஒன்று, பழைய மணி ஒன்று என இரண்டு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் எங்கள் ஊர்க் கணக்குப்பிள்ளை. அவருக்கு வந்த அதே கவலை கோட்டைக்குள் இருந்த காங்கிரஸ் தலைவருக்கும் வந்திருக்கிறது. அரசாங்கம் கடிகாரத்தைத் திருப்பலாம். பிள்ளை பிறந்த நேரத்தை அது திருப்ப விடக் கூடாது.

மாவட்ட நூலகம் ஒன்றில் நூலகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தலைவர்களின் கடிதத் தொகுதிகளை எடுத்துக் கொடுப்பதும் திரும்ப வாங்கி அடுக்குவதும் என் வேலையின் ஒரு பகுதி. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களும் ஆய்வு மாணவர்களும் எந்தப் பக்கங்களை நகலெடுக்கக் கேட்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். கிரிப்ஸ் தூதுக்குழு, ஆகஸ்ட் தீர்மானம், பிரிவினை. மகளுக்கும் தங்கைக்கும் எழுதிய கடிதங்கள் இருக்கும் பக்கங்கள் புத்தகம் வந்த அன்று இருந்த மாதிரியே விறைப்பாக இருக்கும். 'அது குடும்ப விஷயம் மேடம், அதில் ஒன்றும் இருக்காது' என்பார்கள். வழிகாட்டிப் பேராசிரியர்களே அப்படிச் சொல்லி அனுப்புகிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்த எண்ணத்தை எதிர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஒரு தலைவரின் கடிதங்களில் குழந்தை பிறந்ததும், உடம்பு சரியில்லாததும், துக்கம் விசாரித்ததும் வரலாற்றுக்கு வெளியே இல்லை. அகமதுநகரில் அதுதான் வரலாறு.

காரணத்தைச் சொல்கிறேன். 1942 ஆகஸ்ட் 9 விடியற்காலை பம்பாயில் காங்கிரஸ் செயற்குழுவைக் கைது செய்து ரயிலில் கொண்டுபோனார்கள். எங்கே வைத்திருக்கிறோம் என்பதைக்கூட அரசு முதலில் அறிவிக்கவில்லை. சில வாரங்களுக்குச் செய்தித்தாளும் கிடையாது, கடிதமும் கிடையாது. பிறகு கடிதம் அனுமதித்தார்கள். அதுவும் நெருங்கிய குடும்பத்தாருக்கு மட்டும், தணிக்கைக்குப் பிறகு. அரசியல் எழுதினால் கத்தரி விழும். ஆக, நாட்டின் பெரிய தலைவர்கள் ஒரு டஜன் பேர் ஒரே கோட்டைக்குள் உட்கார்ந்து எழுத முடிந்ததெல்லாம் மகளுக்கு, தங்கைக்கு, மருமகனுக்கு, குடும்ப நலம் பற்றித்தான். அந்தக் கடிதங்களில் குடும்பச் செய்தி நிறைந்திருப்பதற்கு வெள்ளை அரசாங்கத்தின் உத்தரவு காரணம். 'குடும்ப விஷயம்' என்று அதை ஒதுக்கும் ஆராய்ச்சியாளர், தணிக்கை அதிகாரி போட்ட கோட்டுக்குள்ளேயே நின்றுவிடுகிறார்.

நேருவின் வேலை நாளையும் கவனியுங்கள். அந்த 1944 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான ஐந்து மாதத்தில்தான் அவர் கோட்டைக்குள் 'டிஸ்கவரி ஆஃப் இந்தியா'வை எழுதினார். கையெழுத்துப் பிரதி ஏறக்குறைய ஆயிரம் பக்கம். சிந்துவெளியிலிருந்து தொடங்கி இந்தியாவின் நீண்ட காலத்தை எழுதிக்கொண்டிருந்த அதே மேசையில், அதே பேனாவில், பேரன் பிறந்த நேரத்தைப் பற்றிய கவலையும் எழுதப்பட்டது. புத்தகத்தை மட்டும் படிப்பவருக்கு அறிவியல் மனப்பான்மையை வலியுறுத்தும் நேரு கிடைப்பார். கடிதத்தையும் சேர்த்துப் படித்தால்தான் இன்னொருவர் கிடைக்கிறார்.

ஜாதகம் கேட்டதை இரட்டை வேடம் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நான் அப்படி நினைக்கவில்லை. கடிதத்தில் அவர் பலன் கேட்கவில்லை, ராசியைப் பற்றிப் பேசவில்லை, பதிவைத்தான் கேட்கிறார். பிறப்புப் பதிவேடு ஒழுங்காக இல்லாத நாட்டில், நாளையும் நேரத்தையும் ஒரு ஓலையிலோ தாளிலோ குறித்துத் தலைமுறைக்குக் கொடுத்தது ஜாதகம்தான். பழைய வழக்கம் அந்த வீட்டில் வேறு இடத்திலும் தெரிகிறது. ஓ.வி. அளகேசன் தமிழில் தந்த நேருவின் 'உலக சரித்திர'த்தை எங்கள் நூலகத்தில் எத்தனையோ பேர் எடுத்துப் போயிருக்கிறார்கள். அதன் முதல் கடிதம் 1930 அக்டோபர் 26, நைனி மத்திய சிறை. மகளுக்குப் பிறந்தநாள் கடிதம். இந்திராவின் பிறந்தநாளோ நவம்பர் 19. சம்வத் கணக்குப்படி அந்த ஆண்டு அது அக்டோபரில் வந்தது, அதை வைத்து எழுதினார். நாம் நட்சத்திரத்தைப் பார்த்துப் பிறந்தநாள் கொண்டாடுகிற மாதிரிதான். உலக வரலாற்றைச் சொல்லும் அவ்வளவு பெரிய புத்தகம், பரிசு கொடுக்க முடியாமல் சிறையில் உட்கார்ந்திருக்கும் அப்பாவின் பிறந்தநாள் கடிதத்தில் தொடங்குகிறது. அந்தப் பக்கத்தைத் தாண்டிப்போகிறவருக்கு அந்தப் புத்தகம் யாருக்காக எழுதப்பட்டது என்பதே தெரியாது.

அந்த வீட்டில் பிறப்பு எளிதாக நடந்த காரியமும் இல்லை. 1924இல் கமலா நேருவுக்குக் குறைமாதத்தில் பிறந்த ஆண் குழந்தை சில நாளில் இறந்துபோனது. கமலா 1936 பிப்ரவரி 28 அன்று சுவிட்சர்லாந்தில் லொசானில் காலமானார். மகள் ஒருத்திதான் மிச்சம். அவளுக்கும் உடம்பு பலவீனம். 1942 மார்ச்சில் கல்யாணம், செப்டம்பரில் கணவன் மனைவி இருவரும் கைது, 1943 மே வரை நைனி சிறை. அப்படிப்பட்ட பெண் பிள்ளை பெறுகிறாள், அப்பாவால் கிட்டே போக முடியாது. கோட்டையில் குடும்பத்தாரைச் சந்திக்கவும் அனுமதி இல்லை. பெண்ணைப் பெற்ற எவருக்கும் அந்தக் காத்திருப்பு எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. 1945 ஜூன் 15 அன்று அல்மோரா சிறையிலிருந்து நேரு விடுதலையானபோது பேரனுக்குப் பத்து மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

துக்கச் செய்தியும் அதே வழியில்தான் உள்ளே வந்தது. 1943 ஏப்ரலில் மௌலானா ஆசாத்தின் மனைவி சுலைகா பேகம் கல்கத்தாவில் இறந்தார். நோய் முற்றிய செய்தி வந்தபோது, அரசிடம் சலுகை கேட்பதானால் எழுதிக் கொடுங்கள் என்று சிறை அதிகாரி சொன்னார். ஆசாத் மறுத்துவிட்டார். கோட்டையில் இருந்த காலத்தில் நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதுவதாக வைத்து அவர் உருதுவில் எழுதிக்கொண்டே போனார். எதையும் தபாலில் சேர்க்க வழியில்லை. மனைவியின் மறைவைப் பற்றிய கடிதமும் அவற்றில் ஒன்று. 1946இல் அவை 'குபார்-இ-காதிர்' என்று நூலானபோது உருது உரைநடையின் பெருஞ்செல்வமாகக் கொண்டாடப்பட்டன. விடுதலையாகி கல்கத்தா போனதும் அவர் மனைவியின் கல்லறைக்குப் போனார். 'பாரதத்தின் விடுதலை' என்று பாடநூலில் ஒரு பத்தியில் முடிந்துவிடும் அந்த மூன்று ஆண்டுகள் ஒரு மனிதரிடம் எதை எடுத்துக்கொண்டன என்பது அவர் வாயாலேயே அங்கே பதிவாகியிருக்கிறது.

இன்னொரு மரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குடும்பச் செய்தி எப்படி நாட்டுச் செய்தி ஆகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. 1944 ஜனவரி 14 அன்று நேருவின் மைத்துனர் ரஞ்சித் பண்டிட் லக்னோவில் இறந்தார். சிறையில் உடல் கெட்டு விடுவிக்கப்பட்டவர். காஷ்மீரின் 'ராஜதரங்கிணி'யை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த சமஸ்கிருத அறிஞர். அவர் மனைவி, நேருவின் இன்னொரு தங்கை விஜயலட்சுமி பண்டிட்டுக்கு மூன்றும் பெண் பிள்ளைகள். மூத்தவர்கள் இருவரும் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தார்கள். உயில் இல்லை. மகன் இல்லாத விதவை என்று சொல்லிக் கணவரின் சொத்தில் அவருக்கும் மகள்களுக்கும் பங்கு மறுத்தார் கணவரின் சகோதரர். பின்னாளில் தன் சுயசரிதையில் இதை அவரே எழுதியிருக்கிறார். நேருவோ அப்போது கோட்டைக்குள். தங்கைக்கு ஆறுதல் சொல்லக் கடிதத்தைத் தவிர வேறு வழியில்லை.

பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1956இல், மகளுக்கும் விதவைக்கும் சொத்தில் உரிமை தந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் நிறைவேறியபோது பிரதமர் நாற்காலியில் இருந்தவர் அந்த அண்ணன். அம்பேத்கர் தூக்கிச் சுமந்த இந்துச் சட்டத் தொகுப்புக்குப் பின்னால் எத்தனையோ ஆண்டுப் போராட்டம் உண்டு; ஒரு குடும்பத்தின் வழக்கால் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால், அன்றைய சட்டம் ஒரு பெண்ணை என்ன செய்யும் என்பது அந்தப் பிரதமருக்கு நாடாளுமன்றக் குறிப்பேட்டில் படித்துத் தெரிந்த விஷயம் இல்லை. தங்கையின் வீட்டில் நடந்தது. தமிழ்நாடு 1989இல் கூட்டுக் குடும்பச் சொத்திலும் மகளுக்குச் சம பங்கு என்று திருத்தியதை நாம் பெருமையோடு சொல்கிறோம். அந்தப் பாதையின் பழைய மைல்கல்லைத் தேடுகிறவர் 1944ஆம் வருடத்துக் குடும்பக் கடிதங்களையும் புரட்டத்தான் வேண்டும்.

நேருவே இதை உணர்ந்திருந்தார் என்று நினைக்கிறேன். தனக்கு வந்த கடிதங்களைத் தேர்ந்தெடுத்து 1958இல் 'பழைய கடிதங்களின் கட்டு' என்ற பொருள்படும் தலைப்பில் அவர் வெளியிட்டார். காந்தி, தாகூர், சுபாஷ், பெர்னார்ட் ஷா எல்லோரும் அதில் உண்டு. முதல் கடிதம் எது தெரியுமா? 1917 டிசம்பரில் நம் சென்னையிலிருந்து சரோஜினி நாயுடு எழுதியது. இந்திரா பிறந்ததற்கு வாழ்த்து. பச்சைக் குழந்தையை இந்தியாவின் புதிய ஆன்மா என்று கொஞ்சியிருக்கிறார். பிரதமராக இருக்கும் ஒருவர், உலகத் தலைவர்களின் கடிதங்களுக்கு முன்னால் மகள் பிறந்த வாழ்த்தை வைக்கத் தயங்கவில்லை. தேதி வரிசையில் அது முதலில் வருகிறது என்பது உண்மை. சொந்த விஷயம் என்று நீக்க அவருக்கு முழு அதிகாரம் இருந்தது என்பதும் உண்மை.

காந்தியின் எழுத்துத் தொகுப்பு 100 தொகுதிகளாக வந்தது. அதன் தலைமைப் பதிப்பாசிரியராக நெடுங்காலம் இருந்தவர் புதுக்கோட்டைக்காரரான பேராசிரியர் கே. சுவாமிநாதன். வைஸ்ராய்க்கு எழுதிய கடிதமும், தென்னாப்பிரிக்காவில் இருந்த மருமகள் சுசீலாவுக்கு எழுதிய சில வரியும் அங்கே ஒரே மதிப்போடு, தேதி வரிசையில், ஒரே அளவு எழுத்தில் அச்சாகியிருக்கின்றன. ராஜாஜியும் காந்தியும் சம்பந்தியானவர்கள். ராஜாஜியின் மகள் லட்சுமிக்கும் காந்தியின் மகன் தேவதாஸுக்கும் பிறந்த குழந்தைகள் இரண்டு தாத்தாக்களுக்கும் பேரப்பிள்ளைகள். அந்த உறவை விட்டுவிட்டு 1930களின் காங்கிரஸ் அரசியலைப் படித்தால், இவ்வளவு கருத்து வேறுபாட்டுக்குப் பிறகும் அந்த இருவரும் எப்படிப் பேச்சை முறிக்காமல் இருந்தார்கள் என்பது புரியாது. சுவாமிநாதனின் குழு எதையும் அற்பம் என்று தள்ளவில்லை. நூலகராக அந்தக் குழுவை நான் வணங்குகிறேன்.

தமிழ்நாட்டுக்கு வருகிறேன். தலைவர் எழுதும் கடிதம் என்பது நமக்குப் புதிதில்லை. அண்ணா 'திராவிட நாடு' இதழில் தம்பிக்கு எழுதினார். கருணாநிதி முரசொலியில் உடன்பிறப்புக்கு ஆயிரக்கணக்கில் எழுதினார். அவை பத்திரமாக நூல்களாக இருக்கின்றன. அவற்றில் உறவுமுறை உண்டு, வீட்டுச் செய்தி அபூர்வம். ஊரறிய எழுதியவை அல்லவா. வீட்டுச் செய்தி நம்மிடம் மேடைக்கு வந்த தருணம் ஒன்று எல்லோருக்கும் தெரியும்: 1953 மார்ச்சில் சோவியத் தலைவர் ஸ்டாலினுக்கான இரங்கல் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்த கருணாநிதிக்கு, அந்த மாதம் முதல் தேதி பிறந்திருந்த மகனின் நினைவு வந்து, அங்கேயே பெயர் சூட்டினார். மேடையில் சொன்னதால் அது நமக்குக் கிடைத்தது. அதே காலத்தில் நம் தலைவர்கள் சிறையிலிருந்து மனைவிக்கு, மகளுக்கு, அக்காவுக்கு எழுதியவை எங்கே? சில பெட்டிகளில் இருக்கலாம், பல கரையானுக்குப் போயிருக்கும். 'அது சொந்தக் கடிதம், எதற்கு' என்று பிள்ளைகள் ஒதுக்கியதால் போனவையே அதிகம் என்று என் அனுபவத்தில் சொல்வேன். ஒரு முன்னாள் சட்டமன்ற உறுப்பினரின் வீட்டார் நூலகத்துக்குத் தாள்களைக் கொடுக்க முன்வந்தார்கள். மூட்டையைப் பிரித்தால் அச்சடித்த தீர்மானங்களும் அழைப்பிதழ்களும் மட்டும். கடிதங்களை முந்தின வாரம் எரித்துவிட்டதாகச் சொன்னார்கள். சங்கடம் எதுவும் இல்லையாம்; வெறும் பிள்ளைப்பேறு, கல்யாணம், காய்ச்சல் என்றிருந்ததாம்.

எங்கள் தாத்தா கடிதங்களைக் கம்பியில் குத்தி வைப்பார். மேலே சொன்ன அஞ்சலட்டையும் அந்தக் கம்பியில் இருந்ததுதான். நடுவில் துளை உண்டு. கம்பியில் மொத்தம் பிறப்பும் கல்யாணமும் சீமந்தமும்தான். சாவுச் செய்தி ஒன்றுகூட இல்லை. மூலையில் கறுப்பு தடவி வரும் கடிதத்தை வாசலிலேயே படித்துக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். ஆகவே அந்தக் கம்பியை நம்பினால் எங்கள் குடும்பத்தில் யாருமே சாகவில்லை. எதை வைத்துக்கொள்வது, எதைக் கிழிப்பது என்பதை வீட்டார் முடிவு செய்யும்போது இது நடக்கும். தலைவர்களின் வீடுகளில் நேர்மாறாக நடக்கிறது. தீர்மானம் மிஞ்சுகிறது, பிள்ளை பிறந்தது போய்விடுகிறது.

அந்தரங்கம் என்ற கேள்வி நியாயமானது. கடிதம் எழுதியவர் பொதுவாழ்வுக்கு வந்தவர். கடிதத்தில் பேசப்படும் மகளும் மருமகளும் வரவில்லை. பிரசவச் சிக்கலும் மனக்கசப்பும் நோயும் அதில் இருக்கும். உயிரோடு இருப்பவரைப் பற்றிய வரியை அச்சிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதற்கு முறை இருக்கிறது: முத்திரையிட்டு வைப்பது, இத்தனை ஆண்டு கழித்துத் திறப்பது என்று எழுதி வாங்கிக்கொள்வது. பூட்டி வைத்தது ஒருநாள் திறக்கும், எரித்தது திறக்காது. முதலில் சொன்ன அந்தப் பேரன் ராஜீவ் பிறந்த காலத்துக் கடிதங்கள் உள்ள இரண்டாவது தொகுதியை, நேருவும் இந்திராவும் எழுதிக்கொண்டவற்றிலிருந்து தொகுத்தவர் சோனியா காந்தி. அது 1992இல் வெளிவந்தது. அதற்கு முந்திய ஆண்டு மே 21 அன்று நம் ஸ்ரீபெரும்புதூரில் என்ன நடந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. கணவர் பிறந்த நாட்களைப் பேசும் தாத்தாவின் கடிதங்களை நாட்டுக்குப் படிக்கக் கொடுக்க அவரால் அந்த நிலையிலும் முடிந்தது. அதற்கு நன்றி சொல்லிவிட்டு, இன்னொன்றையும் சொல்கிறேன். தில்லி தீன்மூர்த்தி நூலகத்திலிருந்து 2008இல் 51 பெட்டிகளில் நேருவின் தாள்கள் அவரிடம் போயின. திருப்பித் தரும்படி 2024இல் நூலகத் தரப்பில் கேட்டார்கள். இதை இரண்டு கட்சிகளின் சண்டையாகப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. யார் ஆட்சியில் இருந்தாலும் அந்தப் பெட்டிகள் ஆவணக் காப்பகத்தில் இருக்க வேண்டியவை. திறக்கும் தேதியைக் குடும்பம் நிர்ணயிக்கட்டும்.

இன்றைய தலைவர்களுக்குப் பேரப்பிள்ளை பிறந்தால் செய்தி கைப்பேசியில் போகிறது, ஒரு வாரத்தில் தானாக அழிகிறது. அதற்கு நூலகர்கள் என்ன செய்ய முடியும் என்பது தனியாகப் பேச வேண்டியது. கையால் எழுதியவற்றுக்கு மட்டும் இப்போது என் வேண்டுகோள். தமிழ்நாட்டில் அரசியலில் இருந்தவர்களின் வீடுகளில், கட்சி எதுவானாலும், மாவட்டச் செயலாளரானாலும் பஞ்சாயத்துத் தலைவரானாலும், பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தால் அதைப் பிரித்துப் பார்த்து 'தேவையானது, தேவையற்றது' என்று பங்கு போடாதீர்கள். எழும்பூரில் அரசு ஆவணக் காப்பகம் இருக்கிறது, தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பெட்டியை அப்படியே கொண்டுபோங்கள். கட்டியிருக்கும் கயிற்றை அவிழ்க்காதீர்கள். எந்தக் கடிதத்தோடு எந்தக் கடிதம் சேர்ந்திருந்தது என்பதும் எங்களுக்குத் தகவல். உறையைத் தூக்கி எறியாதீர்கள். தணிக்கை முத்திரையும் தபால் தேதியும் அதில்தான் இருக்கும். மஞ்சள் தடவிய அட்டை கிடைத்தால் துடைக்காதீர்கள்.